டச்சப் செய்யாத முகம்

தேயிலை டப்பாவின் மூடி திறக்க மறுத்தது.

திருகு மூடிதான். நேற்று அதை மூடியதும் அவளேதான். ஆனால் காலையில் விரல்கள் அவளுடையவையாக இல்லை. யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியவை போல விறைத்து நின்றன. டப்பாவை இடுப்போடு அணைத்து, உள்ளங்கையால் அழுத்தித் திருகினாள். மணிக்கட்டில் சுரீரென்று வலி பாய்ந்தது. டப்பா நழுவி உருண்டு, வாசலில் வந்து நின்ற மாமியாரின் காலடியில் போய் முட்டியது. மூடி அப்போதும் திறக்கவில்லை.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மாமியார். "நேத்து முட்டி, முந்தாநாள் தலைமுடி, இன்னைக்கு விரலா? உன் உடம்புல வியாதியெல்லாம் முறை போட்டுக்கிட்டு வருதும்மா... டியூட்டி பாக்குற மாதிரி!"

"இல்லத்த... காலையில மட்டும் மடங்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் போனா சரியாயிடும்..."

"ஆமா, நான் டீ போட்டு முடிச்சதும் சரியாயிடும். எனக்குத் தெரியாதா!"

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது. அது முதலாளி. தெருமுனை போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தது மொத்தமே ஒருவன்தான். அவனும் அவர் பெற்ற மகன், இவள் கணவன். ஆனாலும் கட்டிய மனைவி முதற்கொண்டு எல்லோரும் அவரை முதலாளி என்றே அழைத்தார்கள். ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தை விடாமல் படித்ததில் அவருக்கு வைத்தியமும் கைவந்துவிட்டிருந்தது.

"இது சூடு," என்று தீர்ப்பளித்தார். போன மாதம் அதுவே வாயுவாக இருந்தது. அதற்கு முன்னால் ரத்தக் குறைவு. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதே வீண். அவங்க என்ன சொல்லப் போறாங்க? நான் சொன்னதைத்தான் சொல்வாங்க. கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்வாங்க."

மருமகள் குனிந்து டப்பாவை எடுத்தாள். ஏற்கெனவே இரண்டு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. முதலாமவர் சத்து மாத்திரை எழுதினார். இரண்டாமவர், "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார், பக்கத்தில் மாமியாரை உட்கார வைத்துக்கொண்டே. "ஒண்ணுமில்லீங்க" என்றாள். "அப்ப மனசுதான்" என்று முடித்துவிட்டார்.

ஆனால் இன்று விடிந்ததும் குளியலறையில் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீரில் நுரை. சோப்புத் தண்ணீர் போல நுரை. பக்கெட் தண்ணீரை ஊற்றினாள், நுரை போயிற்று. பயம் போகவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் மாமியார் ஸ்டூடியோவின் மேக்கப் பெட்டியைத் திறந்தாள். அது அந்த வீட்டுச் சட்டம். 'நம்ம வீட்டு முகம்தான் நம்ம கடையோட போர்டு' என்பது முதலாளியின் வியாபார வேதம். கடையின் கண்ணாடிக்குள் மாட்டிய குடும்பப் படத்தில் நடுநாயகமாகச் சிரிப்பவள் மருமகள். ஆகவே அவள் குப்பை கொட்டப் போனாலும் முகத்தில் ஒரு பூச்சு இருந்தாக வேண்டும்.

"கன்னத்தைப் பாரு, யாரோ அறைஞ்ச மாதிரி!" மாமியார் பஞ்சால் அழுத்தி அழுத்திப் பூசினாள். "இப்படியே போனா அந்த டாக்டர் என்ன நினைப்பாங்க? நாங்கதான் அடிச்சோம்னு நினைக்க மாட்டாங்க?"

"எரியுதுத்த..."

"மானம் போனா இதைவிட எரியும்."

வெயிலுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் நடக்க, ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் கணவன். அவன் பேச மாட்டான். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அடுத்தவர் முகத்துப் பருவையும் வடுவையும் அழித்து அழித்து, தன் வாயிலிருந்த பேச்சையும் அழித்துவிட்டவன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் எதிர் நாற்காலியில் ஒரு பெண். இவளைவிட இளையவள். முழங்கையில் டயாலிசிஸ் செய்த கட்டு. இவள் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரே ஊர்க்காரியைக் கண்டதுபோலச் சிரித்தாள். "நீங்களும் கிட்னியாக்கா?"

அவள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "இல்ல..." என்றாள். பிறகு, "தெரியல" என்றாள். எழுந்து வீட்டுக்கே ஓடிவிடலாம் போலிருந்தது. ஓட முட்டி ஒத்துழைக்காது.

உள்ளே இருந்த டாக்டரம்மா ஃபைலைப் பிரிக்காமல் முதலில் அவள் கைகளை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக அழுத்தினாள்.

"முடி கொட்டுதா?"

"எல்லாருக்கும்தான் கொட்டுது டாக்டர்," என்றாள் மாமியார்.

"வாயில புண்?"

"காரம் அதிகமா சேத்துக்குவா."

"குளிர்ல விரல் வெளுத்துப் போகுமா?"

"பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் வெளுத்துடும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க பேஷண்ட்டா?"

"இல்ல... மாமியார்."

"அதுக்கு வேற டிபார்ட்மென்ட். இப்ப அவங்க பேசட்டும்." மருமகளின் பக்கம் குனிந்தாள். குரல் தணிந்தது. "யூரின்ல நுரை வருதாம்மா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்தது உடைந்தது. "வருது... இன்னைக்கு நிறைய... எனக்குப் பயமா இருக்கு டாக்டர்!"

"அடிப்பாவி!" மாமியார் பதறினாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா... இன்னைக்கு இதோட முறையான்னு கேப்பீங்கத்த."

மாமியார் நாற்காலியை ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கன்னம் சிவக்குமா?" என்ற டாக்டரம்மா அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பளிங்கு போல ஒரே நிறம். விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. "என்னம்மா இது, சுவருக்கு அடிச்ச மாதிரி? முதல்ல துடைங்க."

மருமகள் ஈரப் பஞ்சால் துடைத்தாள். கன்னத்தில் மங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது.

"துடைச்சதுல சிவந்ததா, முன்னாடியே இருந்ததா, இப்ப எனக்குத் தெரியல. ரொம்பச் சிவந்திருந்தப்ப எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

மாமியாருக்கு உயிர் வந்தது. "போட்டோவா! எங்க குடும்பமே போட்டோதான் டாக்டர்!" செல்போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பிறந்தநாள், சுற்றுலா, கடைக் கண்ணாடியில் மாட்டிய குடும்பப் படம்... ஒவ்வொன்றிலும் மருமகளின் முகம் உரித்த முட்டை. ஊருக்கே முகம் எடுத்துக் கொடுத்த குடும்பத்திடம் ஒரே ஒரு நிஜ முகம் இல்லை.

காட்டிக்கொண்டிருந்த விரல் மெல்ல நின்றது. மாமியாருக்கே புரிந்துவிட்டது.

"ஒரிஜினல் இருக்கு," என்றான் கணவன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், சுவர்க் கடிகாரம் பேசியதுபோல.

"கடை கம்ப்யூட்டர்ல. நான் அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைப்பேன்." அவன் போன் போட்டான். "முதலாளி... நான்தான். ஒரிஜினல்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இவ படம் எல்லாத்தையும் அனுப்புங்க. டச்சப் பண்ணாதது."

மறுமுனையில் முழங்கிய குரல் அறை முழுக்கக் கேட்டது. "பைத்தியமா உனக்கு? டச்சப் பண்ணாத படம் நம்ம கடையை விட்டு வெளிய போனதா சரித்திரமே இல்ல! கடை பேரு என்ன ஆகுறது?"

மாமியார் போனைப் பிடுங்கினாள். "ஏங்க!" என்றாள். முதலாளி என்று சொல்லவில்லை. "சரித்திரத்தை நான் வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன். இப்ப அனுப்புறீங்களா, இல்ல உங்க ஒரிஜினலையும் கண்ணாடியில மாட்டட்டுமா? உங்க மண்டையில எத்தனை முடி இவன் வரைஞ்சதுன்னு தெரு எண்ணிப் பாக்கட்டும்!"

படங்கள் வரத் தொடங்கின.

முதல் படத்தில் மூக்கின் மேல் ஒரு சின்னச் சிவப்பு. அடுத்ததில் அது இரு கன்னங்களிலும் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில், கடற்கரை வெயிலில் நின்ற படத்தில், முகத்தின் குறுக்கே ரத்தச் சிவப்பாய் ஒரு வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்; சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

"மூக்கோரத்து மடிப்புல சிவப்பு இருந்ததா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"இல்லீங்க," என்றான் கணவன். "அங்க நான் பிரஷ் வச்சதே இல்ல. எல்லாப் படத்துலயும் அதே இடம்... அதே வடிவம்... என் கைக்குத் தெரியும் டாக்டர். கைக்குத் தெரிஞ்சுது, எனக்கு உறைக்கல." அவன் மனைவியைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "படத்துல அழிச்சதும் உன்கிட்டயிருந்தே போயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்..."

அவள் அவன் கையைப் பற்றினாள். விறைத்த விரல்கள்தான். இருந்தாலும் பற்றினாள்.

"மூக்கோர மடிப்பை மட்டும் விட்டுட்டு இப்படிச் சிவந்தா, லூபஸா இருக்கலாம்னு சந்தேகப்படறேன்," என்றாள் டாக்டரம்மா. "வேலியே பயிரை மேயுறதும்பாங்களே, அதான். நோயோட சண்டை போட வேண்டிய சக்தி சொந்த உடம்போடவே சண்டை போடுது. படத்தை வச்சு மட்டும் முடிவு சொல்ல மாட்டேன். ரத்தமும் யூரினும் இன்னைக்கே குடுத்துட்டுப் போங்க. கிட்னியைத் தொட்டிருக்கான்னு பாக்கணும், தள்ளிப் போடக்கூடாது."

"செத்துப் போயிடுவேனா டாக்டர்?"

"அப்படி விடறதுக்கா இத்தனை கேள்வி கேட்டேன்?"

வெளியே நடைபாதை பெஞ்சில் மாமியார் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானை நுனியை எடுத்து, மருமகளின் தாடையோரம் மிச்சமிருந்த பூச்சைத் துடைக்கப் போனாள். பயந்து பயந்து, காயத்தைத் தொடுவதுபோலத் துடைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நான்தானே பூசி அனுப்பினேன்... ரெண்டு டாக்டர் கண்ணையும் நான்தானே மறைச்சேன்! கன்னம் எரியுதுன்னு சொன்னியே... மானம்னு சொன்னேனே பாவி!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "என்னை நாலு வார்த்தை திட்டேன்டி!"

"திட்டத் தெம்பில்லத்த... சரியானதும் திட்டறேன்."

மாமியார் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, கடந்து போகிறவர்கள் நின்று பார்க்கும்படி ஓவென்று அழுதாள். அந்தக் குடும்பம் பூச்சில்லாமல் வெளியுலகுக்குக் காட்டிய முதல் முகம் அதுதான்.

முடிவுகள் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வந்தபோது டாக்டரம்மாவின் சந்தேகம் உண்மையாயிற்று. லூபஸ்தான். சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது, எவ்வளவு என்று பார்க்க ஊசியால் துளி சதை எடுக்க வேண்டும் என்றார்கள். முற்றாகப் போகாது, அடக்கி வைக்கலாம், நல்ல வேளை, முற்றும் முன்னால் வந்தீர்கள் என்றார்கள். மாத்திரைகள் ஒரு பை நிறைய வந்தன. பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் இத்தனை நாள் பேரில்லாமல் இருட்டில் நின்றது, இப்போது பேரோடு எதிரில் நின்றது.

முதலாளி கடைக்கு வருகிறவர்களிடம், "எனக்கு ஆரம்பத்துலயே லூபஸ்னு ஒரு சந்தேகம்," என்று சொல்லத் தொடங்கியிருந்தார். ஆனால் கண்ணாடியிலிருந்த குடும்பப் படத்தை யாருக்கும் தெரியாமல் கழற்றி, கடற்கரைப் படத்தின் ஒரிஜினலை மாட்டியதும் அவர்தான். கேட்டால், "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு," என்றார்.

சதை எடுக்கப் போக வேண்டிய நாள் காலையில் அவள் சமையலறைக்குள் வந்தாள். கை விறைப்பாகத்தான் இருந்தது. தேயிலை டப்பாவை நோக்கிக் கை நீட்டியவள் நின்றாள்.

மூடி திருகப்படாமல், சும்மா மேலே வைக்கப்பட்டிருந்தது. சர்க்கரை டப்பாவும் அப்படியே. பக்கத்து ஊறுகாய் பாட்டிலும். அலமாரி முழுக்க ஒரு மூடிகூட இறுக்கமாக இல்லை.

"எறும்பு ஏறினா ஏறட்டும்!" என்று கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நீ மெதுவா போடும்மா... இல்ல, இரு, நானே வரேன்!"

அவள் இரண்டு விரல்களால் மூடியை எடுத்தாள். கண்ணீர் வடிந்தது. துடைக்காமலே அடுப்பைப் பற்றவைத்தாள்.