பச்சைக்கிளிக்கு ஒரு மஞ்சள் முடிச்சு

செல்போன் அலறியது!

காலை ஏழு பத்து. செல்லூரில் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த முத்திருளன் வாயில் நுரையோடு எடுத்தான்.

மறுமுனையில் கிருஷ்ணபிரசாத். மதுரையில் நூல் மில் வைத்திருப்பவர். பழைய பந்தயக் கார் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். முத்திருளனின் முதலாளி.

"முத்து... ஷெட்ல ஒரு கார் இல்ல."

"எந்தக் காருங்கய்யா?"

"அது தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்? போலீஸ் வந்தாச்சு. உடனே வா."

நுரையைத் துப்பினான். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வேண்டினான்.

பாண்டி முனீஸ்வரா... போனது அசலாகவே இருக்கட்டும்!

முதலாளியின் உயிருக்கு உயிரான கார் களவு போகட்டும் என்று வேண்டுகிற மெக்கானிக்கா? நன்றி கெட்டவன் என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

கப்பலூர் தொழிற்பேட்டைக்கு வண்டி ஓட்டினான். பின்னால் சோலை. முத்திருளனின் மனைவி முனீஸ்வரிக்குத் தம்பி. பத்து வயசில் அக்கா வீட்டுக்கு வந்தவன். இவன் சாப்பிட்ட தட்டிலேயே சாப்பிட்டு, இவனிடமே தொழில் கற்று, இன்றைக்குத் தகரம் தட்டுவதில் மதுரையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"மாமா, நீ எதுக்கும் பயப்படாத. நான் இருக்கேன்ல" என்று தோளைப் பிடித்தான்.

அந்தக் கை பட்ட இடம் முத்திருளனுக்குச் சுட்டது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒற்றை ஆள் உட்காரும் கரும்பச்சைப் பந்தயக் கார். ஐம்பத்தாறில் செய்தது. உலகத்திலேயே மொத்தம் ஐந்துதான். அதிலும் ஓடுகிற நிலையில் இருப்பது இது ஒன்று. பட்டறையில் எல்லோரும் அதைப் பச்சைக்கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். துருப்பிடித்த கூடாக வந்ததை நாலு வருஷம் பாடுபட்டு எழுப்பியிருந்தான் முத்திருளன்.

கண்காட்சிகளில் அசலை ஓட்டிக் காட்ட கிருஷ்ணபிரசாத்துக்கு மனசு வரவில்லை. அதனால் அதற்கு ஒரு நகல் செய்யச் சொன்னார். தகரமெல்லாம் சோலையின் கைவேலை. இன்ஜின் உறையைக்கூடக் கப்பலூரிலேயே வார்த்து எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பெற்ற தாயே குழம்பிப்போவாள்.

ஷெட் வாசலில் ஜீப். இன்ஸ்பெக்டர் மாதங்கி பூட்டைக் கையில் எடைபோட்டுப் பார்த்தபடி நின்றிருந்தாள். உள்ளே ஒரு பச்சைக்கிளி. பக்கத்தில் காலி இடம்.

நேற்று ஓட்டுப்போடும் நாள். தொழிற்பேட்டை மொத்தமும் விடுமுறை. மத்தியானம் ஒரு கண்டெய்னர் லாரி வந்துபோனதை எதிர் கம்பெனி வாட்ச்மேன் பார்த்திருந்தார். பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டு. ஒன்று கிருஷ்ணபிரசாத்திடம். இன்னொன்று...

"எங்க இருக்கு உங்க சாவி?" என்றாள் மாதங்கி.

முத்திருளன் இடுப்புக் கயிற்றிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"இது உங்களைத் தவிர வேற யார் கைக்காவது போகுமா?"

அவன் வாய் திறப்பதற்குள் சோலை முந்திக்கொண்டான்.

"போகாதுங்க மேடம். தூங்கும்போதுகூட மாமா அதை அவுக்கமாட்டாரு. நேத்து ஓட்டுப் போட்டுட்டு, மத்தியானம் கப்பலூர்ப் பக்கம் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு."

பச்சைப் பொய்! நேற்று மத்தியானம் முத்திருளன் வீட்டில் படுத்துத் தூங்கினான்.

முத்திருளன் திரும்பிப் பார்த்தான். சோலை தரையைப் பார்த்தான்.

அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் பார்த்தால் எந்தக் கார் என்று தெரிந்துவிடாதா என்று மாதங்கி கேட்டாள். கிருஷ்ணபிரசாத் உதட்டைப் பிதுக்கினார். நம்பர் இருக்கிறது, ஆனால் நம்பரை எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றார். நகலைத் திருட எவனாவது லாரி கொண்டுவருவானா என்றும் கேட்டார். அப்போதும் அவர் பார்வை முத்திருளன் மேல்தான் இருந்தது.

"நாலு வருஷம் உன்னை நம்பி விட்டேனேப்பா" என்றார்.

அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது முத்திருளனுக்கு.

காரை மதிப்பிடப் பெங்களூரிலிருந்து வந்து மதுரையில் தங்கியிருந்த சுஷ்மா, தகவல் கிடைத்ததும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். சேகரிப்பாளர்கள் இவள் சொன்னால்தான் ஒரு காரை அசல் என்று ஒத்துக்கொள்வார்கள். பெயிண்ட்டைப் பார்க்கவில்லை. நம்பரைத் தொடவில்லை. மெல்லிய கேமரா ஒயரை எடுத்து சேஸிஸ் குழாயின் ஓட்டைக்குள் விட்டாள்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

முத்திருளன் மறுபடியும் வேண்டிக்கொண்டான். இது நகலாக இருக்கட்டும் சாமி. நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை.

சுஷ்மா நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள எழுபது வருஷத்துத் துரு சார். எதை வேணா நகல் எடுக்கலாம், இதை எடுக்க முடியாது. இதுதான் உங்க அசல் கார்."

கிருஷ்ணபிரசாத் ஓடிப்போய்ப் பச்சைக்கிளியைக் கட்டிக்கொண்டார். அப்படியே திரும்பி வந்து முத்திருளனின் கையைப் பிடித்தார். மன்னிச்சுக்கோ என்றார். போனது நகல்தானே, போய்த் தொலையட்டும், புகாரே வேண்டாம் என்றார்.

தப்பித்தான் முத்திருளன்!

ஆனால் தப்பித்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கைவைத்துக்கொண்டு அழுதான்.

சோலையின் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. அசலா? இது எப்படி அசலாகும் என்று அவன் உதடு முணுமுணுத்தது.

"எப்படின்னு நான் சொல்றேன் மாப்ள" என்றான் முத்திருளன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதங்கியிடம் சொல்லத் தொடங்கினான். எந்த வண்டி வேலைக்கு வந்தாலும் முதல் நாள், ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, பாண்டி முனீஸ்வரருக்கு நேர்ந்து, ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே கட்டிவிடுவான். வண்டியை ஒப்படைக்கும் நாளில் அவிழ்த்துக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவான். இங்கே முடிச்சு கட்டியது அசலுக்கு மட்டும்தான். நகலுக்கு எதற்கு நேர்ச்சை? முதலாளி சிரிப்பார் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த உலகத்தில் அது தெரிந்த இன்னொரு ஆள் சோலை மட்டுமே.

மூன்று வாரத்துக்கு முன்னால் நகலின் அடியில் படுத்தபோது பகீரென்றது. நம்பரே இருக்கக்கூடாத அந்த சேஸிஸில் அசலின் நம்பர் அச்சு மாறாமல் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. அசலைக் கடத்திவிட்டு நகலை அசல் என்று நம்பவைக்க யாரோ ஏற்பாடு செய்கிறார்கள் என்று புரிந்தது. சோலையாக இருக்குமோ என்று நினைக்கவே கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அய்யாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புதான். முடிச்சை அவுத்து நகல்ல கட்டினேன். வெளியாளு வந்தா அசல் போனாலும் போகும். முடிச்சைத் தேடி நகலைத் தூக்குறவன் இவன் ஒருத்தன்தான். அதான் அசல் போகட்டும்னு வேண்டினேன். சாமி கேக்கல."

சோலை சுவரோடு சரிந்தான். நகலில் நம்பர் அடித்ததையும் கள்ளச்சாவி போட்டதையும் லாரி வந்ததையும் ஒவ்வொன்றாகக் கக்கினான். ரெண்டையும் பெயிண்டுக்காக மாற்றி மாற்றி நிறுத்தியதில் எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லையாம். லாரிக்காரன் அவசரப்படுத்தினானாம். கையை விட்டுத் தடவினானாம். முடிச்சு தட்டுப்பட்டதும் ஏற்றிவிட்டானாம்.

"சாமிக்கு முடிஞ்ச காச நீ பாதியில அவுப்பேன்னு நான் நினைக்கவே இல்ல மாமா."

"நீ என்னைய போலீஸ்ல மாட்டிவிடுவேன்னு நானும்தான் நினைக்கல" என்றான் முத்திருளன். "பத்து வயசுலருந்து எம்புட்டுச் சோறு போட்டிருப்பா உங்க அக்கா. அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

மாதங்கி விலங்கை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து சோலையின் சட்டைப்பையில் செல்போன் அலறியது!

அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சென்னையில் காரை வாங்கிய சேகரிப்பாளர். அவரிடமும் ஒரு கேமரா ஒயர் இருக்கிறது போலும்.

"டேய் சோலை! குழாய்க்குள்ள புத்தம்புது இரும்புடா! நம்பின மனுஷனை இப்படியா ஏமாத்துவ? துரோகி!"

போனை என்ன செய்வது என்று மாதங்கி பார்த்தாள். முத்திருளன் எழுந்து வேட்டியை உதறினான்.

"அவருக்கு ஒரு சேதி சொல்லுங்க மேடம். ஸ்டியரிங்குக்கு அடியில ஒரு ரூபா இருக்கு... அதை மட்டும் பாண்டி கோயில் உண்டியல்ல போட்டுறச் சொல்லுங்க!"