தொப்புளைச் சுற்றிப் பதினொரு தடம்

திண்டிவனம் சுற்றுவட்டாரத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்... மாசிலாமணிக்கு வந்திருப்பது வெறும் அல்சர். வேறொன்றுமில்லை.

அறிவித்தவர் அவருடைய மச்சான் தேவநாதன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் சொன்னால் நோயே கைகட்டி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

ஞாயிறு மதியம் மாசிலாமணி கேப்பைக் கூழ் குடித்துவிட்டு எழுந்தார்.

வாந்தி.

ரத்தம்... ஒரு சொம்பு அளவுக்கு.

ஆம்புலன்ஸ் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பிரஷர் எழுபது. டாக்டர் இளவரசி அவர் சட்டையை விலக்கினார்.

தொப்புளைச் சுற்றி நீல நீலமாக ஊசித் தடங்கள். பதினொன்று!

"யார் போட்ட ஊசி இது?"

மனைவி பிரபாவதி தன் அண்ணன் தேவநாதனைப் பார்த்தாள்.

"நான்தாங்க... வைட்டமின் ஊசி."

"வைட்டமின யாரும் வயித்துல போட மாட்டாங்கம்மா. என்ன மருந்து?"

"அல்சருக்குத்தான்," என்றார் தேவநாதன். "ஒரு நோயாளியின் மனவுறுதி என்பது..."

"சார், அந்த மனவுறுதி பக்கெட்டுல கிடக்கு, பாருங்க. என்ன ஊசின்னு தெரிஞ்சாதான் அத முறிக்கிற மருந்து போட முடியும்."

"வெளிய வாங்க, தனியா சொல்றேன்."

"நான் நகர்ந்தா இவர் போயிடுவார். இங்கயே சொல்லுங்க. இல்லன்னா போலீஸ்."

பிரபாவதி அண்ணன் கையைப் பிடித்தாள். "சொல்லிடட்டுமாண்ணா?"

"வாயைத் திறக்காதே. கேட்டா மாப்ள இங்கயே உயிர விட்டுடுவாரு."

"கேக்காட்டியும் அதானண்ணா நடக்குது..."

கட்டிலிலிருந்து ஈனமாக ஒரு குரல். மாசிலாமணி!

"ரத்தம் கட்டிக்காம இருக்க போடற ஊசி டாக்டர்... கால் நரம்புல கட்டிக்கினு இருந்துச்சி. காலைல ஏழு மணிக்குப் போட்டா. எனக்குக் கணையத்துல கேன்சர். லிவருக்கும் போயிடிச்சி."

தேவநாதன் சுவரோரமாக நகர்ந்தார்.

இளவரசி நர்ஸிடம் திரும்பினார். "முறிவு மருந்து, ரெண்டு யூனிட் ரத்தம், எண்டோஸ்கோப்பி ரூம். சீக்கிரம்."

பிரபாவதி புருஷன் தலைமாட்டில் குனிந்தாள். "என்னாங்க... ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒனக்கும் தெரியுமா?"

"ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்க அண்ணன் சத்தியம் வாங்கினாரு."

"எங்கிட்டயுந்தான். நீ தாங்க மாட்டியாம்."

இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அங்கே தேவநாதன் இல்லை. கேன்டீனுக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

நாலரை மணிக்கு ரத்தம் நின்றது. இன்னும் இரண்டு மாதம் இருக்கலாம் என்றார் டாக்டர், மாசிலாமணியிடமே.