பதினான்காம் நாய் விதி

சோப்பு என்ற நாயிடம் சம்மதம் கேட்பதற்கு மதுரை விமான நிலையத்தில் தனி அறை இருந்தது. ஏசி, மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்கு மணக்கூடு என்று பெயர். நாயின் தலையில் மாட்டும் பட்டைக்கு மனமானி என்று பெயர். இரண்டையும் கண்டுபிடித்த ஆள் நாயே வளர்த்ததில்லை என்று வெளியே பேசிக்கொண்டார்கள். உண்மையாகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் நாயை விமானத்தில் ஏற்றத் தடுப்பூசிச் சீட்டும் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் இருந்தால் போதும். கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நின்று ஒரு சுற்றுத் திரும்ப இடம் இருக்கிறதா என்று அளப்பார்கள். மனிதனுக்குக் கொடுக்கும் இருக்கையில் அவன் திரும்ப முடியுமா என்று யாரும் அளந்ததில்லை. அது வேறு கதை. பிறகு நாயின் மூளைக்குள் வாசனை போகும் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வாசனையை முகர்ந்ததும் அந்த இடத்துக்குப் போக நாய்க்கு ஆசையா, பயமா, வேண்டவே வேண்டாமா என்பது பட்டையில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? யாரோ வழக்குப் போட்டார்கள். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத உயிரை அதன் விருப்பமில்லாமல் விமானத்தில் கொண்டுபோவது குற்றம் என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து நாய் சரி என்றால்தான் நாய்க்குச் சீட்டு.

கேட்கும் முறை சுலபம். போய்ச் சேரப்போகிற வீட்டில் இருப்பவர் மூன்று நாள் உடுத்திய சட்டையைத் துவைக்காமல் உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அதை மணக்கூட்டில் வைத்து நாயை முகர விடுவார்கள். அவ்வளவுதான்.

பால்சாமி நரிமேட்டில் முப்பது வருடமாக இஸ்திரிக் கடை நடத்துகிறவர். ஒற்றை ஆள். ஒரே மகள் யாழிசை கனடாவில் கால்கரி என்ற ஊரில் இருக்கிறாள். "வந்துருங்கப்பா, வந்துருங்கப்பா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவள், இந்த முறை சொல்லாமலே சீட்டு எடுத்துவிட்டாள். திரும்பி வரச் சீட்டு எடுக்கவில்லை. நாய் இல்லாமல் வர மாட்டேன் என்று மட்டும் அவர் சொன்னார். நாய்க்கும் எடுத்தாள். குட்டியாக இருந்தபோது கடையில் துணி சோப்பைத் தின்றுவிட்டு இரண்டு நாள் நுரை தள்ளிய நாய் அது. பெயர் அப்படி வந்ததுதான்.

கடைச் சாவியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடை மீரானிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். விடிகாலை. விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருந்தது. நாய் மறுத்தால் அதன் சீட்டு ரத்து. மறுபடி கேட்க ஆறு மாதம் ஆகும்.

"சட்டையைக் குடுங்கய்யா" என்றாள் பரிசோதகர் தௌலத்.

பால்சாமி பையிலிருந்து தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். தௌலத் பிரித்தாள். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது சட்டை. கைமடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"இது யாரு சட்டை?"

"மாப்பிள்ளை சட்டைம்மா. போன வாரந்தான் வந்துச்சு."

"துவைச்சீங்களா?"

"பின்ன? அழுக்குச் சட்டையை அப்படியே கொண்டாந்து ஆபீசர் கையில குடுப்பாங்களா? அக்குள்ல மஞ்சக் கறை வேற."

"உறை மேல பிரிக்காதீங்கன்னு எழுதியிருக்குமே?"

"எழுதியிருந்துச்சு. நாத்தம் அடிச்சுச்சு, பிரிச்சேன். முப்பது வருசத்துல ஒரு ஆளு கையில கசங்குன துணியைக் குடுத்ததில்லம்மா நானு."

"அந்த நாத்தத்தைத்தான்யா நாங்க கேட்டோம்."

பால்சாமி சட்டையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "நாத்தத்தைக் கேக்குற ஆபீசை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

வந்ததற்கு வைத்துப் பார்ப்போம் என்று தௌலத் சட்டையை மணக்கூட்டில் வைத்தாள். சோப்பு மூக்கை நுழைத்தது. சொட்டுநீலம் ஏறி ஒரு தும்மல் போட்டது. பிறகு வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. பட்டையிலிருந்து எழுத்து திரைக்கு வந்தது. போக விருப்பம்: மிக அதிகம். இடம்: இஸ்திரிக் கடை.

தௌலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நரிமேட்டுக்குப் போறதுன்னா இப்பவே கிளம்புதாம்."

"அதுக்கு ஏரோப்ளேன் எதுக்கு? வேற வழி இல்லையாம்மா? மக அங்க சமைச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"ஒண்ணு இருக்கு. இணைச்சோதனைன்னு பேரு. நீங்களும் ஒரு பட்டை போட்டுக்கணும். மக வீட்டை இந்தத் திரையில காட்டுவேன். அதைப் பார்த்து உங்களுக்கு என்ன தோணுதோ அது உங்க வேர்வையில வரும். சோப்பு அதை மோந்து பார்த்துட்டுச் சொல்லும்."

"தலையில கரண்டு கிரண்டு விட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்யா."

"இப்படித்தான் சொல்வீங்க" என்றபடி தலையைக் கொடுத்தார்.

மேஜை மேல் போனை வைத்து மகளைக் கூப்பிட்டார்கள். யாழிசை தன் போனைத் தூக்கிக்கொண்டு புது வீடு முழுக்க நடந்து காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி. சமையலறை. அவருக்காக ஒதுக்கிய அறை, புது மெத்தை, ஓரத்தில் நாய்க்கு ஒரு குட்டி மெத்தை. பால்சாமி தலையாட்டிக்கொண்டே பார்த்தார். "நல்ல வீடு. நல்ல வெளிச்சம்" என்றார். சோப்பு அவர் முழங்காலில் தாடையை வைத்து உள்ளங்கையை முகர்ந்தது.

திரைக்குக் கீழிருந்து இரண்டு முடிவுச் சீட்டு வெளியே வந்தது. முதல் சீட்டில்: நாய், சம்மதம், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. காரணம்: உடன் வருபவர்.

"வந்துருச்சுல்ல? சீல் அடிங்க" என்று எழுந்தார் பால்சாமி.

தௌலத் இரண்டாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நாய் சரின்னுருச்சு ஐயா. நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

"நான் எங்க சொன்னேன்? வாயே தொறக்கலையே."

உடன் வருபவர், விருப்பமில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பதினான்காம் விதி என்ன சொல்கிறதென்றால், விருப்பமில்லாமல் பயணம் போகிறவருடன் நாயை அனுப்பக் கூடாது. அவருடைய வேர்வையைப் பதினெட்டு மணி நேரம் முகர்ந்துகொண்டு கிடப்பது நாய்க்குச் சித்திரவதையாம். நாய்க்கு.

போனுக்குள்ளிருந்து யாழிசை கத்தினாள். "மேடம், அது நாய்க்குப் போட்ட ரூலு! எங்கப்பாவுக்குச் சம்மதந்தான், நான் சொல்றேன்ல!"

"நீங்க சொன்னா செல்லாதும்மா."

"அப்ப நாயை விட்டுட்டு வந்தார்னா?"

"தாராளமா வரலாம். மனுசங்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. நாய் கூட இல்லேன்னா, விருப்பமா இல்லையான்னு அவரை யாரும் கேக்கவே மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது தௌலத்துக்கு உறைத்தது.

பால்சாமிக்குக் கோபம் வரவில்லை. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொண்ணூத்தொண்ணுங்கறது கூடவா கொறைச்சலா?"

"நான் பார்த்ததுல இதுதான் ரொம்ப ஜாஸ்தி."

"எனக்கே தெரியாதே! அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" அவர் மறுபடி உட்கார்ந்தார். "பொய் சொல்லுதான்னு பாப்போம். இன்னொரு வாட்டி மாட்டும்மா. வீட்டைக் காட்ட வேணாம். என் மக மூஞ்சியை மட்டும் காட்டு."

விதியில் அதற்கு இடமில்லை. ஆனாலும் தௌலத் மாட்டினாள். அவளுக்கும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திரையில் யாழிசையின் முகம் மட்டும் நின்றது, அழுவதா திட்டுவதா என்று தெரியாமல். மூன்றாவது சீட்டு வந்தது. விருப்பம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

"இது நெசந்தான் சொல்லுது" என்றார் பால்சாமி.

யாழிசை கேட்டாள். "அப்ப எதுக்குப்பா இத்தனை நாளா சரி சரின்னீங்க?"

"நீ வாங்கன்னுதான தாயி சொன்ன. வர்றீங்களான்னு கேக்கலையே. அங்க நான் போன தடவை நாலு மாசம் இருந்தேன். சண்டை போடக்கூட ஒரு ஆளு கெடையாது. இங்கன்னா மீரான் இருக்கான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "டிசம்பர்ல நான் வர்றேன். அவரு சட்டையைத் துவைக்காமக் கொண்டு வர்றேன், போதுமா?"

"கொண்டா. நான் துவைச்சுக்கிறேன்."

அன்று மாலையே கடை திறந்துவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது மீரான் ஏதோ சொன்னான், இவர் ஏதோ சொன்னார், எப்போதும்போல் அடிதடிக்கு ஒரு படி கீழே நின்றார்கள்.

செய்தி எப்படியோ பரவியது. ஆறு மாதத்தில் விமான நிலைய வாசலில் இரவல் நாய்கள் கிடைக்கத் தொடங்கின. பார்க்காத மாப்பிள்ளையிடம் போகும் பெண்கள், பாலைவனத்துக்கு வேலைக்குப் போகும் ஆண்கள், பிள்ளைகள் கூப்பிட்டுப் போகும் கிழவர்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்கள் எல்லாம் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, துவைத்த சட்டையோடு இணைச்சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். நாய்கள் எல்லாம் சம்மதித்தன. ஆட்களின் சீட்டில் விருப்பமில்லை என்று வந்தது, அதைக் கொண்டுபோய் வீட்டில் காட்டினார்கள். விமானங்கள் பாதி காலியாகப் பறந்தன.

ஒரு நாள் காலை தௌலத் கடைக்கு வந்தாள். கையில் சீருடைச் சட்டை ஒன்று இருந்தது. பால்சாமி இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினார். அவள் சட்டையைக் கொடுக்காமல் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய டெல்லிக்கு மாத்திட்டாங்கய்யா. நாளைக்கு ப்ளைட்டு."

"போகணும்னு இருக்கா?"

அவள் குனிந்து சோப்பின் காதைத் தடவினாள். பால்சாமி பெட்டியின் சுவிட்சை அணைத்தார். சோப்பின் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார்.

"சட்டையைத் தேய்க்க வேணாம்மா" என்றார். "கசங்கலோட அப்படியே போட்டுட்டுப் போய் வரிசையில நில்லுங்க."