நாற்பது ஜோடி

பண்டிகை விடுமுறைக்கு இன்னும் ஒன்பது நாள்களே இருந்த அந்தக் காலையில், மூத்த மருமகள் கொண்டுவந்து வைத்த காபியை மாமியார் தொடவில்லை.

அவர்களுடையது குழந்தைகளுக்கான காலணிக் கடை. ஆண்டு வியாபாரத்தில் பாதி இந்தச் சில வாரங்களில்தான் நடக்கும். அதற்குரிய சரக்கை மூன்று மாதங்களுக்கு முன்பே தொழிற்சாலைக்கு எழுதி அனுப்ப வேண்டும். இம்முறை கிடங்கு முழுவதும் பெரிய அளவுகள். எல்லோரும் கேட்கும் எட்டாம் நம்பரோ நாற்பது ஜோடி மட்டுமே வந்து, முதல் நாளே தீர்ந்துவிட்டது. மறுபடியும் கேட்டதற்குத் தொழிற்சாலை கையை விரித்துவிட்டது.

"பதினஞ்சு வருஷமா கடையில உக்காந்திருக்கே... நாப்பதுன்னு எழுத உனக்கு எப்படிம்மா கை வந்துச்சு?" என்றார் மாமியார்.

"தப்புதான் அத்தை."

"வந்திருக்கிறதெல்லாம் மீசை முளைச்ச பசங்க சைஸு," என்றார் அவள் கணவர், அவள் முகத்தைப் பாராமலே. "வாங்கிப் போடுறதுக்கு யாரைக் கூப்பிடுறது?"

அவள் தலை குனிந்து நின்றாள். அதை எழுதியது அவளல்ல. அவள் காய்ச்சலில் கிடந்த வாரத்தில், கொழுந்தன் சென்ற ஆண்டு விற்றதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டான். சென்ற ஆண்டும் எட்டாம் நம்பர் நாற்பதுதான் வந்தது. அரை நாளில் தீர்ந்தது. அதன்பின் வெறுங்கையோடு திரும்பியவர்களின் எண்ணிக்கை எந்தப் பட்டியலில் இருக்கும்? இன்னொரு முறை சறுக்கினால் தம்பிக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று கணவர் சொல்லியிருந்தார். கொழுந்தன் மனைவியோ நிறைமாதம். ஆகவே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு பெத்து வளர்த்திருந்தா, குழந்தை கால் எவ்வளவு இருக்கும்னு தெரிஞ்சிருக்கும்..."

மாமியார் சொல்லிவிட்டார்.

"போதும்மா." வாசற்படியில் நின்றிருந்த கொழுந்தன் உள்ளே வந்தான். "எழுதினது நான். அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத் துரத்திடுவாருன்னுதான் அண்ணி..."

கணவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "என்கிட்டகூட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தம்பியை வீட்டுல விட்டுவெச்சிருப்பீங்களா?"

மாமியார் தட்டுத்தடுமாறி எழுந்துவந்து அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். "என் நாக்கு அழுகிப்போகட்டும்மா... பேசக்கூடாததைப் பேசிட்டேன்..."

"விடுங்க அத்தை. உண்மை தெரிஞ்சதால சரக்கு வந்துடாது. இன்னைக்கும் எட்டாம் நம்பர் கேட்டு வருவாங்க. இல்லைன்னு சொல்ல ஆள் வேணும்."

"நான் வந்து சொல்றேன். நீ உள்ள உக்காரு."

கடை திறந்ததும் ஒரு தாய் தன் சிறுமியோடு வந்தாள். மாமியார் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. மருமகள் மண்டியிட்டு, குழந்தையின் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள்.

"எட்டு," என்றாள், அளவுகோலை எடுக்காமலே. "எங்ககிட்ட இல்லைடா கண்ணு..."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

குழந்தை காலை இழுத்துக்கொண்டது. அந்த உள்ளங்கை மட்டும் சிறிது நேரம் விரிந்தபடியே இருந்தது.