ஒன்பது மணி நேரத் தூரம்

காலி ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் டிராவல் ஏஜென்சி மேஜைமேல் இருந்த விமான டிக்கெட்டுகளை நனைத்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள். எதிரே, இமையெல்லாம் மழைத்துளியோடு ஒருவன்... அந்தக் கண்கள் மட்டும் அவ்வளவு அழகாக இல்லாதிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே திட்டியிருப்பாள்.

பக்கத்துத் தெரு ரத்த வங்கியின் கூரியர் அவன்; டிக்கெட் வாங்க வந்திருந்தான். தூர தேசத்தில் ஒரு சிறுமிக்காக ரத்த அணுக்களை மதிய விமானத்தில் கையோடு கொண்டுபோகிறான். அவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. மொத்தப் பயணம் எவ்வளவு நேரம் என்று கேட்டான். ஒரு மணிக்குப் புறப்பாடு, இரவு பத்துக்கு வருகை... ஒன்பது மணி நேரம் என்றாள். நிச்சயம்தானா என்று அவன் மறுபடி கேட்க, அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கழிக்கக்கூடத் தெரியாமலா எனக்கு டிகிரி கொடுத்தாங்க?"

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க... ஐஸ் அந்தக் கணக்குலதான் வைக்கணும்."

சிரித்துக்கொண்டே போனான். அவன் போன பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

அவன் பேரில், பறக்கும் தூரத்துக்கான மைலேஜ் புள்ளிகளை ஏற்றும்போது திரையில் தூரம் வந்தது. பதினைந்தாயிரம் கிலோமீட்டர். ஒன்பது மணி நேரத்திலா? பயண நேரங்களை மறுபடி பார்த்தாள். புறப்படும் நேரம் இந்த ஊர்க் கடிகாரத்தில். இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரத்தில். அது இங்கேயைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால்... அதைக் கூட்டவே இல்லை. ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

ஒப்புக்கொள்ளத்தான் உடம்பு கூசியது. படித்த வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் கவனக்குறைவு. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவள் செய்தால், இதுகளுக்கெல்லாம் எதற்குப் படிப்பு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்... குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

ரத்த வங்கி வாசலில் அவன் டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"நில்லுங்க. நான் சொன்னது தப்பு. பத்தொன்பதரை மணி நேரம். தப்பு என்மேலதான்."

அவன் முகம் வெளுத்துப் போனது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். அவளும் பின்னாலேயே போய், விறைத்த விரல்களால் ஐஸ் பாளங்களை எடுத்துக் கொடுத்தாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. மூடியை அழுத்திவிட்டு, மூச்சு வாங்க, அவளையே பார்த்தான்.

"டிக்கெட்லயே என் நம்பர் இருக்குமே... ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

அந்த நம்பரைத் தட்டச்சு செய்ததே அவள்தான். மழைத்தண்ணீர் கன்னத்தில் வழிந்தது... துடைக்கவும் தோன்றவில்லை.

"நம்பர் ஞாபகத்துக்கே வரல," என்றாள். "உங்க முகம்தான் வந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரனை அழுத்தினார்.

"எனக்கும்..." அவன் குரல் தடுமாறியது. "நீங்க திட்டினீங்க பாருங்க, அப்பவே பிடிச்சுப்போச்சு."

"போங்க முதல்ல. அங்க ஒரு சின்னப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

அவன் அசையவில்லை. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானும் காத்துக்கிட்டிருப்பேன்..."