எர்த் போல்ட்டுக்குப் பூசிய பச்சை

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு சால்வென்ட் ரூமின் பூட்டைத் திறக்கப் போனேன். கதவுக்கு இரு பக்கமும் வாழைக்கன்று, நிலையில் மாவிலை, பூட்டின் மேல் சந்தனம். சாவி போகிற ஓட்டையில் குங்குமத்தை அப்பி வைத்திருந்தார்கள். அதை ஊதி எடுக்கவே இரண்டு நிமிடம் ஆனது. அன்றைய முதல் எரிச்சல் அதுதான்.

என் பெயர் முத்துச்செல்வி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகும் வழியில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் சேஃப்டி ஆபீசர். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தே தினமும் எட்டு மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

சால்வென்ட் ரூம் காம்பவுண்டின் கடைசியில் தனியாக இருக்கிறது. உள்ளே ஹெக்சேன் டிரம்கள். ரப்பரில் உள்ள பிசுக்கைத் துடைக்க அதுதான் வேண்டும். பார்வைக்குத் தண்ணீர், வாசனைக்குப் பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், எங்கேயோ இருக்கிற பொறியைப் பிடித்து, தீயோடு வந்த வழியே திரும்பும். தீக்குச்சிகூட வேண்டாம். டிரம்மிலிருந்து கேனில் ஊற்றும்போது அந்த ஓட்டத்திலேயே மின்சாரம் சேர்ந்துவிடும். நைலான் துணியைக் கழற்றும்போது சடசடக்குமே, அவ்வளவு பொறி போதும்.

அதனால் டிரம்மையும் கேனையும் கம்பியால் இணைத்து, டிரம் ஸ்டாண்டில் உள்ள எர்த் போல்ட்டில் கிளிப் மாட்டுவோம். சேர்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். ஆனால் கிளிப்பின் பல் வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும். நடுவில் பெயின்ட் இருந்தால் மாட்டியதும் மாட்டாததும் ஒன்றுதான்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு அசையாத எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். எர்த் போல்ட்டை மட்டும் விடச்சொல்லி மெயில் போட்டேன். போல்ட்டைப் படம் பிடித்து, வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெயின்டர் திருமலையிடம் நேரிலும் சொன்னேன். வட்டம் போட்ட இடத்தில் மறக்காமல் இரண்டு கோட் அடித்திருந்தார்.

போன வருஷமும் இப்படித்தான் அடித்தார்கள்.

அப்போது இந்த ரூமில் இருந்தவர் பெருமாள்சாமி. சங்கரன்கோவில்காரர், நாற்பத்திரண்டு வயது. கையில் ஒட்டும் பசையை ஹெக்சேனிலேயே கழுவிக் கழுவி ஒன்பது வருஷத்தில் அவருக்குக் கை விரல்களும் பாதமும் மரத்துப்போயிருந்தன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. அதனால் சணல் கயிற்றால் கட்டிக்கொள்வார். நடந்தால் வலது பாதம் தட்டையாக விழும். தப், தப் என்று அவர் வருவது வராண்டாவின் அந்தக் கோடியிலேயே கேட்கும்.

போன விஜயதசமிக்கு முதல் கேனை ஊற்றியவர் அவர்தான். கிளிப் மாட்டியிருந்தது. செக்லிஸ்ட்டில் 'எர்த் கிளிப் மாட்டப்பட்டதா?' என்ற கேள்விக்கு நேரே நான் டிக் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பொங்கல் தட்டு வேறு காத்திருந்தது. நான் ஆபீஸ் படியேறும்போது பின்னால் ஜன்னல்கள் அதிர்ந்தன.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 'சட்டைப்பையில் செல்போன் வைத்திருந்த தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அவருடைய போன் கேட் லாக்கரில் இருந்தது. நானே பார்த்தேன். பார்த்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோபம் இன்னும் யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை. பாதிக்குமேல் என்மேல்தான்.

ரூமைத் திரும்பக் கட்டினார்கள். பெயின்ட் அடித்தார்கள். மறுநாள் காலை எர்த் போல்ட்டில் மட்டும் பெயின்ட் சுரண்டப்பட்டு இரும்பு பளபளத்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி சுரண்டியிருந்தது. அவர் இடத்துக்கு வந்த வேல்ராஜ் செய்கிறான் என்று நான் நினைத்தேன். வேல்ராஜ் நான் செய்கிறேன் என்று நினைத்தான். மேனேஜ்மென்ட்டும் அப்படியே நினைத்து, கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதாக எனக்கு மெமோ கொடுத்தது.

வேல்ராஜ் இப்போது இந்த ரூமின் ஆபரேட்டர். முப்பது வயது, கான்ட்ராக்ட் ஆள். தை மாதம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூமில் அவன் மனைவி மாடத்தி ஏழு மாதக் கர்ப்பம்.

அவனோடுதான் அன்று உள்ளே போனேன். போல்ட் பச்சையாக மின்னியது. இந்த முறை சுரண்டல் இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் போல்ட்டிலும் மறுமுனையைச் சுவரில் இறங்கும் எர்த் பட்டையிலும் மாட்டினேன். தொடர்பு இருந்தால் அது பீப் அடிக்கும். அடிக்கவில்லை.

சுரண்டலாம் என்றால் சுரண்டி இல்லை. இரும்பு பொறி தட்டும் என்பதால் இந்த ரூமுக்குப் பித்தளைச் சுரண்டி மட்டும்தான். இருந்த ஒன்று பெருமாள்சாமியினுடையது, தீயோடு காணாமல்போனது. புதிதாகக் கேட்டு எழுதிப் பத்து மாதமாகிறது. ஒரு பித்தளைத் துண்டுக்கு மூன்று பேர் அப்ரூவல் தர வேண்டுமாம். நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது.

சூப்பர்வைசர் தசரதன் வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், இருபது வருஷ சர்வீஸ்.

"இன்னா மேடம், இன்னும் இன்னா பண்ணிகினு கீறீங்க? பத்தேகாலோட நல்ல நேரம் முடியுது. மொதலாளியம்மா தட்டோட நின்னுகினு கீறாங்க."

"போல்ட்ல பெயின்ட் சார். எர்த் எடுக்கல. அரை மணி நேரம் கொடுங்க."

"கிளிப்பு மாட்டிகீதா?"

"மாட்டியிருக்கு. ஆனா பெயின்ட் மேல மாட்டியிருக்கு."

"மாட்டிகீதில்ல, அப்பறம் இன்னா? போன வருசம் பூஜை அன்னிக்கே தீ புடிச்சிது. இந்த வருசம் நல்ல நேரத்துல மொத கேன் வந்தாதான் அந்த தோஷம் போவும்னு அம்மா சொல்ட்டாங்க."

"தோஷம் அந்த பெயின்ட்லதான் சார் இருக்கு."

"நீங்க சைன் போட வாணாம். குடுங்க, நான் போட்டுக்கறேன்."

என் கையிலிருந்து செக்லிஸ்ட்டைப் பிடுங்கி, டிரம்மின்மேல் வைத்து, எட்டுக் கேள்விக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டார். படித்துப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. போன வருஷம் நானும் அவ்வளவு வேகமாகத்தான் போட்டேன்.

"ஊத்தாதீங்க வேல்ராஜ்," என்றேன்.

"நீங்க சொல்லுவிய மேடம். நாளைக்குக் கேட்டுக்கு வெளிய நிக்கப்போறது நான்லா," என்றான். அவன் கை டிரம் குழாயை நோக்கிப் போனது.

அப்போது ஹெக்சேன் வாசனை வந்தது.

எந்த டிரம்மும் திறந்திருக்கவில்லை. இடுப்பில் மாட்டியிருந்த, ஆவி கசிவைக் காட்டும் கேஸ் டிடெக்டரைப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது.

"மேடம், அடிக்குல்லா?" என்று வேல்ராஜ் முணுமுணுத்தான்.

வாசனை தொண்டையில் இறங்கியது. அடியில் வேறொன்றும் இருந்தது. கருகிய சணல்.

மறுபடி பார்த்தேன். பூஜ்யம்தான்.

தப்.

டிரம் வரிசைக்குப் பின்னால்.

அங்கே சுவருக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூடக் கிடையாது.

தப். தப்.

கதவு திறந்திருந்தது, வெளியே நல்ல வெயில், உற்பத்தி லைனில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். அதெல்லாம் தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. தசரதனின் பேனா கையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை அவர் வருஷக்கணக்கில் கேட்டவர்.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பிறகு, சர்க்.

மெதுவாக. அவசரமே இல்லாமல். தேங்காய் ஓட்டைக் கத்தியால் வழிக்கிற மாதிரி.

சர்க். சர்க்.

போல்ட்டின் மேல் பச்சைப் பெயின்ட் எழும்பியது. உருளைக்கிழங்குத் தோல்போலச் சுருண்டு, ஸ்டாண்டின் காலடியில் விழுந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று பேரும் அந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கையிலிருந்த மீட்டர் அலறியது.

பீப் நிற்கவே இல்லை. எர்த் கிடைத்துவிட்டது.

வேல்ராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "யக்கா," என்றான். அதுவரை அவன் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

தசரதன் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. இப்போதாவது மண்டியிடுவார், இப்போதாவது மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

"அதான் எர்த்து வந்துடுச்சில்ல," என்றார். குரல் உடைந்திருந்தது. "ஊத்து."

மீட்டரைக் கழற்றிவிட்டுக் கிளிப்பை நானே வெறும் இரும்பில் மாட்டினேன். வேல்ராஜ் ஊற்றினான். ஒன்றும் ஆகவில்லை. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முதல் கேன் மாலையோடு லைனுக்குப் போனது. முதலாளியம்மா தோஷம் கழிந்தது என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். தசரதன் போனில் பேசுவது என் காதில் விழுந்தது. "திருமலை, அந்த போல்ட்டுல பெயின்ட்டு பேந்துகினு கீது. மத்யானம் வந்து ஒரு டச்சப் குட்த்துடு."

அதற்குமேல் யாரிடம் கத்துவது? ஆபீஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நான் போட்ட டிக்கும் வெளியே வரும். வேலை போகும், கேஸ்கூட வரலாம். ஊரில் என் சம்பளத்தை நம்பி இருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். பேனா தானாகவே ஒரு நல்ல வார்த்தையைத் தேடிக்கொண்டது.

'சென்ற ஆண்டு விபத்தின் காரணம் முழுமையாக ஆராயப்படவில்லை எனக் கருதுகிறேன்' என்று எழுதினேன்.

சர்க்.

மேசைக்கு அந்தப் பக்கம்.

தலையைத் தூக்கவில்லை. கடிதத்தையே பார்த்தேன். நான் எழுதிய வரி மங்கிக்கொண்டிருந்தது. மை மட்டுமல்ல, தாளும் தேய்ந்து, அடியில் மேசை தெரிந்தது.

வேறு தாள் எடுத்தேன். 'எர்த் போல்ட்டில் பெயின்ட் இருந்திருக்கலாம்' என்று எழுதினேன்.

சர்க். சர்க்.

மூன்றாவது தாளில் ஒரே மூச்சில் எழுதினேன். போல்ட்டில் பெயின்ட் இருந்தது. எர்த் இல்லை. நான் சோதிக்காமல் டிக் போட்டேன். பெருமாள்சாமியின் போன் கேட் லாக்கரில் இருந்தது, அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இது தெரிந்தே பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

காத்திருந்தேன். தாள் தேயவில்லை.

கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு மெயிலில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அழுதேன். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் இறங்கியது. இனிமேல் அவர் போய்விடுவார் என்று நம்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

ஜன்னல் வழியே, பச்சை டின்னும் பிரஷ்ஷுமாகத் திருமலை சால்வென்ட் ரூமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

மேசையில், கடிதத்துக்குப் பக்கத்தில், பித்தளைச் சுரண்டி இருந்தது.

கைப்பிடியில் பாதி கருகிய சணல் கயிறு. முனையில் காலையில் உரிந்த பச்சை. பிடியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தது, ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் கொடுப்பதுபோல.

எடுத்தேன். சூடாக இருந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். வராண்டா காலியாக இருந்தது.

தப். தப். எனக்கு இரண்டடி முன்னால், சால்வென்ட் ரூமை நோக்கி.