ஏழு குடம் உறை

காலையில் எழுந்ததும் பூங்கோதை கணவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைத்தான் பார்ப்பாள். புதுக்கொற்கையில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிப் பாசித்தொட்டி. உள்ளே கீரையை மசித்துக் கரைத்த மாதிரிப் பச்சைத் தண்ணீர். அடியிலிருந்து சரம் சரமாய்க் குமிழிகள் ஏறும். பக்கத்தில் மூச்சுமானி. முள் இரண்டில் நின்றால் அந்த வீட்டில் இரண்டு பேர் மூச்சு விடலாம்.

குடிவந்த பதினோராம் நாள் காலை முள் ஒன்றரையில் நின்றது. தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

செவ்வாயின் குகைகளுக்குள் ஊர் கட்டியவர்கள் போட்ட சட்டம் எளிமையானது. ஆண்களுக்கு ஒரு விடுதி, பெண்களுக்கு ஒரு விடுதி. அங்கே ஆக்சிஜன் பொதுக்குழாயில் வரும். தனி வீடு வேண்டுமென்றால் அந்த வீடு பாசியை வைத்துத் தன் காற்றைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். இருபத்தொன்றாம் நாள் காற்றுத்துறை ஆள் வந்து பார்க்கும்போது முள் இரண்டில் இருக்க வேண்டும். குறைந்தால் சாவி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கதவோரத்துச் சிவப்புக் குமிழைத் திருப்பினால் பொதுக்காற்று வரும், உயிருக்குப் பயமில்லை. ஆனால் திருப்பிய கணமே வீடு கையை விட்டுப் போகும்.

பூங்கோதைக்கும் ஞானதுரைக்கும் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவள் மருத்துவமனையில் தாதி, அவன் பம்ப் பிட்டர். ஐந்து வருடமும் பொது உணவகத்தில் தினம் நாற்பது நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதுதான் அவர்கள் குடும்பம் நடத்தியது. இந்தப் பதினோரு நாட்களாகத்தான் ஒரே கூரை. அவளுக்கு நாற்பத்து மூன்று, அவனுக்கு நாற்பத்தாறு. சாவி போனால் அடுத்த முறை வர இன்னும் ஆறு வருடம்.

"என்ன கோதை, அப்படியே நின்னுட்ட?"

"தொட்டி செத்துக்கிட்டிருக்கு. நான்தாங்க கொன்னுட்டேன்."

முந்தின நாள் மருத்துவமனை மேலங்கியை வீட்டுக் குழாயடியில் அலசியிருந்தாள். விடுதியில் அழுக்குத் தண்ணீர் வேறெங்கோ போகும். இங்கே பில்டர் வழியாக நேரே பாசிக்கு வரும். பில்டர் சோப்பைப் பிடிக்கும், கிருமிநாசினியைப் பிடிக்காது. சாவி தரும்போதே சொல்லியிருந்தார்கள். வீடு கிடைத்த சந்தோஷத்தில் அது காதில் ஏறவில்லை.

ஞானதுரை தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தான். அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"நம்ம தொட்டி கெட்டுப்போச்சு. அவ்வளவுதானே," என்றான். "நான் இதை இறைச்சுட்டுக் கழுவி வைக்கிறேன். உள்ள இருக்கிற காத்து சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நீ போய் யார்கிட்டயாவது உறை கேளு."

தயிருக்கு உறை போலத்தான் பாசிக்கும். நல்ல தொட்டியிலிருந்து எடுத்து ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு வீடு ஒரு குடம் உறை கொடுத்தால் அங்கே முள் கால் பங்கு இறங்கும். அது ஏறி வர மூன்று நாளாவது ஆகும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பிள்ளைகள் ஓடக் கூடாது. பூங்கோதை வீட்டுக்கோ ஒரு குடம் போதாது. ஏழு குடமாவது வேண்டும்.

"பதினோரு நாள்தான் ஆச்சு. யார் பேரும் தெரியாது. எந்த முகத்தோட கேப்பேன்?"

"இருக்கிற முகத்தோட கேளு. நான் போகட்டுமா?"

"வேண்டாம். தப்பு என்னோடது. நானே போறேன்."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். இடுப்பில் ஒரு பிள்ளையும் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளையுமாக ஒருத்தி வந்தாள். சண்முகவடிவு என்ற பெயர் கதவில் இருந்தது. பூங்கோதை குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். மேலங்கியை, கிருமிநாசினியை, பில்டரை. சொல்லி முடித்தபோது கதவு மூடிக்கொண்டது.

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். "இல்லைன்னுட்டாங்க," என்றாள். அடுத்த கதவைத் தட்டக் கால் வரவில்லை. ஞானதுரை தொட்டிக்குள் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தான். அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் துடைக்க ஆரம்பித்தாள். சிவப்புக் குமிழ் இருந்த பக்கம் இருவருமே பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கதவு தட்டப்பட்டது. சண்முகவடிவு மூடி போட்ட குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவில் வரிசையாக ஆறு பேர், ஆளுக்கொரு குடம்.

"கதவைத் திறந்துபோட்டுப் பேசினா காத்து வெளிய போயிருமேன்னு சாத்திட்டுக் குடம் எடுக்கப் போனேன். வந்து பாத்தா உங்களைக் காணோம்," என்றாள். "சரி, இருக்கட்டும்னு அப்படியே இன்னும் ஆறு வீட்டுக்குச் சொல்லிட்டு வந்தேன்."

பூங்கோதை ஒதுங்கி வழி விட்டாள். ஞானதுரை நனைந்த கையோடு குடங்களை ஒவ்வொன்றாக வாங்கி ஊற்றினான். ஒவ்வொரு வீட்டுப் பச்சையும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒன்று கரும்பச்சை, ஒன்று மாங்கொழுந்து நிறம். தொட்டிக்குள் அவை புகைபோலச் சுழன்று ஒன்றாகின.

"உங்க பிள்ளைங்க..." என்று தொடங்கினாள் பூங்கோதை.

"மூணு நாள் படுத்துக் கெடந்தா ஒண்ணும் குறைஞ்சுறாது. எனக்கும் நிம்மதி. நீங்க ரெண்டு பேரும் இதுக்கு முன்னால உக்காந்து பேசிக்கிட்டே இருங்க. நாம விடுற மூச்சுதான் அதுக்குச் சாப்பாடு. பேசினா சீக்கிரம் பிடிச்சுக்கும்."

பேசினார்கள். ஐந்து வருடமாக நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும் பேச்சுதான் அவர்களுக்குப் பழக்கம்; சாப்பாடு, வேலை, உடம்பு. இப்போது நேரம் கிடந்தது. தனக்கு முன்பு ஒரு பெண் நிச்சயமாகி, அவள் பூமிக்குத் திரும்பிப் போனதை அவன் சொன்னான். விடுதியில் இருபது வருடம் இருந்தும் யாரிடமும் ஊசி நூல்கூடக் கேட்டதில்லை, கேட்டால் இல்லை என்பார்களோ என்ற பயம் என்று அவள் சொன்னாள்.

"என்கிட்டயும் அந்தப் பயமா?"

"தொட்டி கெட்ட அன்னிக்கு வரைக்கும் இருந்துச்சு."

அவன் சிரித்தான். இரண்டு பேர் சிரிப்பும் அடங்க நேரமானது. தெருவில் சத்தமே இல்லை. ஏழு வீடுகளில் ஏழு குடும்பங்கள் ஆறிய சோறு சாப்பிட்டு, அசையாமல் படுத்திருந்தன. தன் நெஞ்சுக்குள் போய் வரும் காற்று அங்கே குறைகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கியது. அது வருத்தமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

உறை ஊற்றிய நான்காம் நாள் முள் ஒன்றேமுக்காலுக்கு ஏறியது. எட்டாம் நாள் இரண்டைத் தொட்டது.

இருபத்தொன்றாம் நாள் காற்றுத்துறை அதிகாரி வந்தார். முள்ளைப் பார்த்தார், தண்ணீரை ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"இதுல ஏழு விதமான பாசி இருக்கே. என் படிவத்துல உறை தந்தவர் பேர் எழுத ஒரு வரிதான் இருக்கு."

பூங்கோதை நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏழு பெயர்களையும் எழுதிக்கொண்டார். உறை வாங்குவது குற்றமில்லை. முள் இரண்டில் நிற்கிறது. வீடு உங்களுடையது என்றார். ஞானதுரை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி கிளம்பும்போது இன்னொரு தாளை எடுத்தார். "இது கட்டாயமில்லை. புதுசா வர்றவங்களுக்குத் தொட்டி கெட்டா எந்த வீட்டைத் தட்டலாம்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கோம். உங்க தொட்டி இப்பதான் தேறியிருக்கு. யோசிச்சு அப்புறமாச் சொன்னாலும் சரி."

பூங்கோதை கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எழுதிக்கோங்க சார்," என்றாள். "மூணாம் குகைத்தெரு, பதினாலாம் நம்பர். பதினாலு. தட்டிட்டுக் கதவு சாத்தினா போயிர வேண்டாம், குடம் எடுக்கத்தான் போறோம்னு அதையும் எழுதுங்க."